அன்ஸ்ட் தீவுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அன்ஸ்ட் எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அட்லாண்டிக் பெருங்கடலும் வட கடலும் சந்திக்கும் இடத்தில் ஷெட்லாந்து தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் வடகோடித் தீவு அன்ஸ்ட். பிரிட்டனில் மக்கள் வாழும் தீவுகளில் இதற்கு வடக்கே வேறொன்று இல்லை. ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமும் 8 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இத்தீவில் 2011 கணக்கெடுப்பின்போது 632 பேர் வாழ்ந்தார்கள். மரங்கள் மிகவும் அரிது. புல்வெளி, கரிமண் நிலம், கற்சரிவு, பாறைமுனை, எங்கு நின்றாலும் கண்ணில் படும் கடல் என்பதே தீவின் தோற்றம். ஷெட்லாந்தின் தலைநகரான லெர்விக்கிலிருந்து பார்த்தால் ஸ்காட்லாந்தின் அபர்டீனும் நார்வேயின் பெர்கனும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கின்றன. இத்தீவின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

நார்ஸ் மக்களின், அதாவது வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவியர்களின், வரலாற்றைக் காண அன்ஸ்ட்டுக்குத்தான் போக வேண்டுமா? வேறு இடங்கள் இல்லையா?

இருக்கின்றன. ஷெட்லாந்தின் தென்கோடியில், சம்பரோ விமான நிலையத்துக்கு அருகிலேயே யார்ல்ஷாஃப் இருக்கிறது. பல காலகட்டங்களின் குடியிருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே கிடக்கின்றன, நார்ஸ் வீடுகளும் அவற்றில் அடக்கம். நுழைவுக் கட்டணம், விளக்கப் பலகை, அமைக்கப்பட்ட பாதை என்று வசதிகள் உள்ள இடம் அது. நேரம் குறைவாக உள்ளவர்கள் அதைப் பார்த்தாலே போதும்.

அன்ஸ்ட்டின் சிறப்பு வேறு. இந்தச் சிறிய தீவில் ஏறத்தாழ 60 நீள்வீடுகளின் தடங்கள் கண்டறியப்பட்டுள்ளன. நாட்டுப்புறத்தில் இவ்வளவு நெருக்கமாக வைக்கிங் கால வீட்டுத் தடங்கள் அமைந்த இடம் உலகில் வேறெங்கும் இல்லை என்று தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். அவை அரண்மனைகளோ போர்ப்பாசறைகளோ அல்ல, உழவர்களின் வீடுகள். சுமார் கி.பி. 800 முதல் நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து குடும்பத்தோடு வந்து, ஆடுமாடு வளர்த்து, பார்லி பயிரிட்டு, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் அவற்றைக் கட்டினார்கள். வைக்கிங் என்றதும் வாளும் கொள்ளையும் மட்டுமே நினைவுக்கு வருகிற நமக்கு, பெரும்பாலோர் வாழ்ந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை நிலத்திலேயே காட்டுகிற இடம் இது. அதனால்தான் சிரமப்பட்டு இவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்கிறேன்.

இத்தீவு எப்போது நார்வேயின் கையை விட்டுப் போனது?

ஷெட்லாந்து முதலில், அதற்குத் தெற்கே உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் பிரபுக்களுடைய ஆட்சியில் இருந்தது. அவர்களில் ஒரு பிரிவினர் நார்வே அரசர் ஸ்வெர்ரேயை எதிர்த்து எழுந்து தோற்றதால், 1195-இல் அவர் ஷெட்லாந்தைத் தம் நேரடி ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தார். பிறகு 1469-இல், டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட முதலாம் கிறிஸ்டியன், தம் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடித்தார். சீர்ப்பணத்தை ரொக்கமாகக் கொடுக்க இயலாததால் அதற்கு ஈடாக ஷெட்லாந்தை 8,000 ரைன் ஃபுளோரின்களுக்கு அடகு வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே ஆர்க்னியை 50,000 ஃபுளோரின்களுக்கு அடகு வைத்திருந்தார். அடகு மீட்கப்படவே இல்லை. 1472-இல் இரு தீவுக்கூட்டங்களும் ஸ்காட்லாந்து அரசோடு இணைக்கப்பட்டன. ஆக, இத்தீவு ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டுகள் நார்ஸ் உலகைச் சேர்ந்ததாக இருந்திருக்கிறது.

எப்படிப் போய்ச் சேருவது?

முதலில் லெர்விக்கை அடைய வேண்டும். அபர்டீனிலிருந்து நார்த்லிங்க் கப்பல் மாலையில் கிளம்பி மறுநாள் காலை லெர்விக் சேரும். வழியில் ஆர்க்னியைத் தொடாத நாள்களில் பயணம் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல். யால்ட்லாந்து, ரோஸி என்று அவ்விரு பயணிக் கப்பல்களும் நார்ஸ் பெயர்களையே தாங்கியிருக்கின்றன. விமானத்தில் வருவோர் ஸ்காட்லாந்தின் முக்கிய நகரங்களிலிருந்து சம்பரோவுக்கு வரலாம்.

லெர்விக்கிலிருந்து வடக்கே காரில் டாஃப்ட் துறைக்குச் சென்று, அங்கிருந்து படகில் யெல் தீவின் உல்ஸ்டாவுக்குக் கடக்க வேண்டும். அது சுமார் 20 நிமிடம். யெல் தீவை நெடுக்காகக் கடந்து கட்சர் துறைக்கு வந்தால், புளூமல் நீரிணையைத் தாண்டி அன்ஸ்ட்டின் பெல்மாண்ட்டில் இறங்க 10 நிமிடம் போதும். மொத்தம் இரண்டு மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படகுகளை ஷெட்லாந்து தீவுகள் மன்றம் இயக்குகிறது. கார்களையும் ஏற்றிச் செல்வதால் கோடையில் முன்பதிவு செய்வது நல்லது. பேருந்து உண்டு என்றாலும் நடைகள் குறைவு. தீவுக்குள் இடங்கள் சிதறிக் கிடப்பதால் வாடகைக் காரே வசதி. சாலைகள் பெரும்பாலும் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். வழிவிட்டவருக்குக் கையை உயர்த்தி நன்றி காட்டுவது அங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம்.

தனி அனுமதி ஏதேனும் வேண்டுமா?

வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான பிரிட்டன் சுற்றுலா விசாவே போதும்.

காற்று உண்மையிலேயே அவ்வளவு பலமாக வீசுமா?

வீசும். 1992 புத்தாண்டு நாளில் அடித்த புயலின்போது, சாக்ஸா வோர்ட் குன்றில் இருந்த விமானப்படை ரேடார் நிலையத்தின் காற்றுமானி, மணிக்குச் சுமார் 317 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டிவிட்டுப் பெயர்ந்து போனதாகச் சொல்லப்படுகிறது. அது அதிகாரபூர்வமான அளவு அல்ல. ஆயினும் அப்புயலில் அன்ஸ்ட்டில் உயிரிழப்பு நேர்ந்தது உண்மை.

பயணி அன்றாடம் எதிர்கொள்வது அத்தகைய புயலை அல்ல. ஓயாமல் வீசும் காற்றைத்தான். காரை நிறுத்தும்போது முகப்பைக் காற்றின் திசைக்கு நேராக வைத்து நிறுத்துங்கள். கதவைத் திறக்கும்போது கைப்பிடியை விடாதீர்கள். பின்னாலிருந்து காற்று அடித்தால் கதவு கீல் வளைய முன்னோக்கித் திரும்பிவிடும். வாடகைக் கார் நிறுவனங்கள் இதைக் குறிப்பாகச் சொல்லி அனுப்புகின்றன. குடை பயன்படாது. தொப்பி வைத்த, காற்றும் மழையும் புகாத மேலங்கி, அதே வகையான கால்சட்டை, கணுக்காலை மூடும் நீர்புகாக் காலணி ஆகியவை இல்லாமல் போக வேண்டாம். ஜூலையிலும் பகல் வெப்பம் சராசரியாக 14 பாகைதான். காற்றோடு சேரும்போது அதைவிடக் குளிராக இருக்கும். பலத்த காற்று எச்சரிக்கை உள்ள நாளில் பாறை விளிம்புகளுக்குப் போகும் திட்டத்தைத் தயங்காமல் கைவிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மே நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்டு தொடக்கம் வரை. ஜூனில் சூரியன் ஏறத்தாழ 19 மணி நேரம் வானில் இருக்கும். மறைந்த பிறகும் முழு இருள் வராமல் நள்ளிரவு முழுவதும் மங்கல் ஒளி நிற்கும். தீவினர் அதைச் சிம்மர் டிம் என்கிறார்கள். அருங்காட்சியகங்கள் கோடையில் மட்டுமே திறந்திருக்கும். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை.

நீள்வீடுகளில் எவற்றை முதலில் பார்க்க வேண்டும்? அங்கே வெறும் கற்கள்தானே இருக்கும்?

முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத கற்கள்தான். முன்தயாரிப்பு இல்லாமல் வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவது இதனால்தான். எனவே, முதலில் ஹரோல்ட்ஸ்விக்குக்குப் போங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. அங்கே, தீவில் அகழ்ந்த வீடுகளின் அமைப்பைப் பின்பற்றி முழு அளவில் ஒரு நீள்வீடு கட்டப்பட்டிருக்கிறது. அடியில் தடித்த கல், அதன்மேல் புல்லோடு வெட்டிய மண்கட்டிகள், உள்ளே கூரையைத் தாங்கும் மரத்தூண்கள், சுவரோரம் உட்காரவும் படுக்கவும் திண்ணை, நடுவே அடுப்பு. உள்ளே நுழைந்ததும் காற்றின் ஓசை சட்டென்று அடங்குவதைக் கேட்டால், சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்பது விளங்கிவிடும். மரம் விளையாத தீவில் அந்தத் தூண்களுக்கான மரம் நார்வேயிலிருந்து கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும், அல்லது கடலில் மிதந்து ஒதுங்கியதாக இருக்க வேண்டும்.

அதைப் பார்த்துவிட்டு ஹாமருக்குப் போங்கள். 2006 முதல் 2010 வரை நடந்த ஆய்வுத் திட்டத்தில் அகழப்பட்ட மூன்று இடங்கள் ஹாமர், அண்டர்ஹூல், பெல்மாண்ட் ஆகியவை. ஹாமரில் வீடு சரிவுக்குக் குறுக்கே அமையாமல், சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக நீண்டு கிடக்கிறது. நீள்வீட்டில் மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ்க் குளிர்காலத்தைக் கழித்தார்கள்; தாழ்ந்த முனையில் தொழுவம் இருந்தால் கழிவு வீட்டுக்குள் தேங்காமல் வெளியே வடிந்துவிடும். கீழ் முனையில் நின்று மேலே பாருங்கள். நடுவில் அகன்று இரு முனைகளிலும் குறுகும் சுவர்க்கோடு, ஒரு படகின் உருவத்தில் புல்லுக்குள் தெளிவாகத் தெரியும்.

அண்டர்ஹூல் எனக்கு மிகவும் பிடித்த இடம். மேலே, நார்ஸ் மக்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இரும்புக் காலத்தார் எழுப்பிய வட்டக் கற்கோபுரத்தின் இடிபாடு. கீழே லுண்டா விரிகுடாவைப் பார்த்தபடி நார்ஸ் வீடுகள். முதலில் 1960களிலும் பின்னர் மேற்சொன்ன திட்டத்திலும் இங்கே அகழாய்வு நடந்தது. நூல் நூற்கும் தக்களிகளின் வட்டுகள், தறியின் எடைக்கற்கள், சாணைக்கற்கள், மாக்கல் பாத்திரத் துண்டுகள் எனக் கிடைத்தவை எல்லாம் அன்றாடப் புழக்கப் பொருள்கள். பெல்மாண்ட் வீடு படகுத்துறைக்கு அருகிலேயே இருப்பதால் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

மாக்கல் பாத்திரமா? அது எங்கிருந்து வந்தது?

தீவிலிருந்தே. நம் சமையலறைக் கல்சட்டி எந்த வகைக் கல்லால் ஆனதோ அதே மாக்கல்தான். நகத்தால் கீறினாலே தடம் விழும். தொட்டால் வழவழப்பாக இருக்கும். சூடேறினால் வெகுநேரம் ஆறாது. நார்வேயில் இக்கல்லைக் குடைந்து சட்டி செய்யப் பழகியிருந்த மக்களுக்கு, இங்கும் அதே கல் கிடைத்தது பெரும் வாய்ப்பு. சட்டி, விளக்கு, தூண்டில் கயிற்றுக்கான குண்டு, தக்களி வட்டு என எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். அன்ஸ்ட்டில் கிளிபர்ஸ்விக் பகுதியில் இக்கல் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய தடத்தை அருகில் பார்க்க விரும்பினால், சம்பரோவிலிருந்து லெர்விக் செல்லும் வழியில் கன்னிங்ஸ்பரோ ஊருக்கு அருகே உள்ள கேட்பண்ட் ஓடைக்கரையில் இறங்கிப் பாருங்கள். பாறையிலிருந்து சட்டியளவு கட்டிகளைப் பெயர்த்தெடுத்த குழிகளும், ஏதோ காரணத்தால் பாதியில் விட்ட புடைப்புகளும் உளித்தடத்தோடு அப்படியே இருக்கின்றன.

ஹரோல்ட்ஸ்விக்கில் நிற்கும் கப்பல் பழங்காலத்ததா?

இல்லை. 1880-இல் நார்வேயில் ஒரு மேட்டுக் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலின் முழு அளவு மறுஆக்கம் அது, பெயர் ஸ்கிட்பிளாட்னர். சுவீடனில் கட்டப்பட்டு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்ட அக்கப்பலின் பயணம் ஷெட்லாந்தோடு நின்றுவிட்டது. பின்னர் அன்ஸ்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 24 மீட்டர் நீளம். அதன் பக்கப்பலகைகள் ஓடுகளைப்போல ஒன்றின் விளிம்பின்மேல் மற்றொன்று படியுமாறு அடுக்கப்பட்டு ஆணியால் இறுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பிறகு அதே ஊரில் உள்ள படகு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால், 19-ஆம் நூற்றாண்டில் ஷெட்லாந்து மீனவர்கள் ஆழ்கடலுக்கு எடுத்துச் சென்ற ஆறு துடுப்புப் படகுகளிலும் அதே கட்டுமானத்தைக் காணலாம். அவற்றை வெறும் பழம்பொருளாகப் பார்க்க முடியவில்லை. 1881 ஜூலை 20 அன்று திடீரென எழுந்த புயலில் இத்தகைய படகுகளில் சென்ற 58 மீனவர்கள் மாண்டார்கள். யெல் தீவின் குளூப் கிராமத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

ஹரால்ட் என்னும் நார்வே அரசர் இங்கே கரையிறங்கியதால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்பது வாய்மரபு. சுவையான மரபுதான், ஆனால் மண்ணில் அதற்குச் சான்று இல்லை.

நார்ஸ் மக்களின் கல்லறைகளைக் காண முடியுமா?

முடியும். தென்கிழக்கில் சாண்ட்விக் விரிகுடாவுக்கு மேலே உள்ள ஃப்ராம்கார்ட் இடுகாட்டில், கிறிஸ்தவத்தைத் தழுவிய நார்ஸ் தலைமுறையினரின் முரட்டுக் கற்சிலுவைகள் நிற்கின்றன. எழுத்தோ அலங்காரமோ கிடையாது. அதற்கு முந்தைய கால அடக்கம் ஒன்று 1863-இல் கிளிபர்ஸ்விக்கில் தற்செயலாக வெளிப்பட்டது. முட்டை வடிவ உடை ஊசிகள் இரண்டு, மூவிலை வடிவ ஊசி ஒன்று, வெள்ளிக் கைவளை, கண்ணாடி மணிகள் ஆகியவற்றோடு ஒரு பெண் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அப்பொருள்கள் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எடின்பரோ வழியாகப் பயணம் செய்வோர் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு வந்தால் தீவில் காண்பது இன்னும் பொருள்படும்.

மேற்கே லுண்ட்டில், 12-ஆம் நூற்றாண்டின் புனித ஓலாஃப் தேவாலயம் கூரையின்றி நிற்கிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஜெர்மனியின் பிரேமன் நகர வணிகர்களும் உண்டு. அவர்களில் ஒருவரான செகபாட் டெட்கன், இந்நாட்டில் 52 ஆண்டுகள் வணிகம் செய்து 1573-இல் இறந்ததாக அவருடைய கல் சொல்கிறது. ஸ்காட்லாந்தின் கைக்குப் போய் ஒரு நூற்றாண்டான பிறகும், தீவின் உலர்மீன் பழைய வடகடல் வணிகப் பாதைகளிலேயே போய்க்கொண்டிருந்ததற்கு அக்கல்லே சாட்சி. அருகிலேயே, ஷெட்லாந்தின் நெடுங்கற்களில் உயரமான போர்டாஸ்டபிள் நிற்கிறது, 3.8 மீட்டர், நார்ஸ் காலத்துக்கு வெகுமுன்பு நடப்பட்டது.

தீவில் இன்னும் நார்ஸ் மொழி பேசுகிறார்களா?

இல்லை. நார்ன் எனப்பட்ட அம்மொழியைக் கடைசியாகப் பேசியவர் என்று கூறப்படும் வால்டர் சதர்லாண்ட், அன்ஸ்ட்டின் வடகோடியில் உள்ள ஸ்கா பண்ணையில் வாழ்ந்து 1850 அளவில் இறந்தார். வானிலை, படகு, ஆடு, நிலத்தின் அமைப்பு ஆகியவற்றைக் குறிக்கும் நார்ஸ் சொற்கள் இன்றைய ஷெட்லாந்துப் பேச்சில் ஏராளமாக இருக்கின்றன.

வீட்டுத் தடங்களைத் தவிர வேறென்ன பார்க்கலாம்?

ஹெர்மனெஸ் இயற்கைக் காப்பகத்தை விட்டுவிடாதீர்கள். கரிமண் நிலத்தின்மேல் அமைத்த பாதையில் நடந்து மேற்குப் பாறை விளிம்பை அடைந்தால், பஃபின் பறவைகளையும் பல்லாயிரக்கணக்கான கேனட் கடற்பறவைகளையும் காணலாம். எதிரே மக்கிள் ஃப்ளகா பாறையில், ஸ்டீவன்சன் குடும்பப் பொறியாளர்கள் கட்டி 1858-இல் ஒளியேற்றிய கலங்கரை விளக்கம் நிற்கும். பாங்க்சி என்று அங்கே அழைக்கப்படும் பெரிய கடற்பறவை, கூட்டை நெருங்குவோரின் தலையை நோக்கிப் பாயும். பாதையை விட்டு விலகாமல், கைத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக் கடந்துவிடுங்கள். 1831-இல் ஹெர்மனெஸில் மூன்றே இணைகளாகக் குறைந்த அப்பறவையைத் தீவின் எட்மண்ட்ஸ்டன் குடும்பத்தினர் காத்துப் பெருக்கினார்கள். அண்மையில் பறவைக் காய்ச்சல் அவற்றை மீண்டும் கடுமையாகக் கொன்றிருக்கிறது. இறந்த பறவை எதையும் தொடாதீர்கள்.

தென்கிழக்கில், 1598-இல் லாரன்ஸ் புரூஸ் கட்டிய மியூனெஸ் கோட்டை உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரபுக்கள் இத்தீவினரை எப்படி அடக்கி ஆண்டார்கள் என்பதை அதன் துப்பாக்கித் துளைகள் காட்டும்.

தங்குமிடம், உணவு எப்படி?

பால்டாசவுண்டில் விடுதி உண்டு; ஊயாசவுண்டில் சிக்கனமான தங்கும் விடுதி உண்டு; சமையலறையோடு கூடிய வாடகை வீடுகளும் கிடைக்கும். சைவ உணவு உண்போர் சமையலறை உள்ள இடத்தையே தேர்ந்தெடுத்து, அரிசி, பருப்பு, காய்கறி, மசாலாப் பொருள்களை லெர்விக்கிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. எரிபொருளையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப் ஹெல்லி ஆ என்னும் நெருப்பு விழா பழைய வைக்கிங் சடங்கா?

ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை லெர்விக்கிலும், பிப்ரவரியில் அன்ஸ்ட்டின் ஊயாசவுண்டிலும் நார்விக்கிலும் நடக்கும் அப் ஹெல்லி ஆ விழாவில், தீப்பந்த ஊர்வலத்தின் முடிவில் ஒரு கப்பலை எரிக்கிறார்கள். இன்றைய வைக்கிங் கோலம் அதற்கு 1880களில்தான் வந்தது. ஆயினும் தம் முன்னோரை நினைக்கத் தீவினர் தாமே தேர்ந்துகொண்ட வடிவம் அது. அந்த மதிப்போடு பார்க்க வேண்டியது.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

குறைந்தது மூன்று இரவுகள். லெர்விக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியும்தான், ஆனால் அன்று காற்று எழுந்தால் ஹெர்மனெஸைப் பார்க்கும் வாய்ப்பும் போகும், படகும் தாமதமாகும்.

இடங்களுக்குள் தாராளமாக நடக்கலாமா? நினைவாக ஒரு கல் எடுக்கலாமா?

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம். வாயிற்கதவை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்ல வேண்டும். குட்டி ஈனும் காலத்தில் ஆடுகளிடமிருந்து விலகிப் போக வேண்டும்.

கல்லை மட்டும் எடுக்கவே கூடாது. ஒதுங்கிய கல்லைக்கொண்டு தடத்தின்மேல் சிறு கோபுரம் அடுக்குவதும் கூடாது. சட்டத்தால் காக்கப்படும் தொல்லிடங்களில் அனுமதியின்றி உலோகங்காட்டும் கருவி பயன்படுத்துவது குற்றம். சாண்ட்விக் கடற்கரையில் 1970களின் இறுதியில் அகழப்பட்ட நார்ஸ் பண்ணை வீட்டைப் பாருங்கள். மணல்மேட்டை அலை அரித்துக்கொண்டே இருப்பதால் அதன் சுவர் கடலின் விளிம்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலப் புயலுக்குப் பிறகும் அக்கரையில் புதிதாக ஏதாவது வெளிப்படலாம். அப்படி எலும்போ செதுக்கிய கல்லோ கண்ணில் பட்டால், இடத்தை விட்டு நகர்த்தாமல், அருகில் ஓர் அளவுகோலோ நாணயமோ வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, லெர்விக்கில் உள்ள ஷெட்லாந்து அமெனிட்டி டிரஸ்டின் தொல்லியல் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.